கல் வீடும் மழைநீரும்

(புதுக்கோட்டை மாவட்டத்தில் ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடியிருந்த ஒரு பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



புதுக்கோட்டைச் சீமைக்கு வந்து கல்லைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதற்கு ஒப்பாகும். நார்த்தாமலையின் விஜயாலய சோழீச்சரம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வெயிலையும் மழையையும் தாங்கி நிற்கிறது. 1687-ஆம் ஆண்டில் சேதுபதி மன்னர் எழுப்பிய திருமயம் கோட்டையை நீங்கள் நாள்தோறும் பார்க்கிறீர்கள். கருங்கல்லும் செம்புறாங்கல்லும் இம்மாவட்டத்திற்கு இயற்கை அளித்த செல்வங்கள்.

அப்படியிருக்க, நாம் குடியிருக்கும் கல் வீடுகள் மட்டும் ஐம்பது, அறுபது ஆண்டுகளிலேயே வெடிப்புக் கண்டும், வயிறு தள்ளியும், சில சமயம் ஒரே இரவு மழையில் சரிந்தும் போவானேன்? இக்கேள்விக்கு விடை தேடுவதே என் பேச்சின் நோக்கம்.

விடையைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல் கெடுவது மிக அரிது. கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் உள்ளதுதான் கெடுகிறது. அதனைக் கெடுப்பது நீர். ஆகவே, கல் வீட்டைக் காப்பது என்றால் நீரை உள்ளே விடாமல் காப்பதும், உள்ளே போன நீர் வெளியேற வழி விடுவதுமே ஆகும்.

குளிர்நாடு கற்பிக்கும் பாடம்

குளிர் மிகுந்த நாடுகளில் கல் வீடு கட்டுவோர் இவ்வுண்மையை நன்கு அறிவர். நீர் உறைந்து பனிக்கட்டியாகும்போது அதன் பருமன் நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்பது பங்கு பெருகுகிறது. சுவரின் இடுக்கில் புகுந்த நீர் இரவில் உறைந்து விரியும், பகலில் உருகும், மறுநாள் இரவு மீண்டும் விரியும். சில குளிர்காலங்கள் சென்றால், சாந்து தூளாகிக் கல் தளர்ந்துவிடும். ஆதலால் அந்நாட்டார் கூரையின் இறவாரத்தை அகலமாக நீட்டுகிறார்கள். சுவரடியில் நீர் தேங்க விடுவதில்லை. இடுக்குச் சாந்தை அவ்வப்போது புதுப்பிக்கிறார்கள். நம் மாநிலத்திலேயே நீலகிரியில் உறைபனி விழுவதுண்டு. அங்கே உதகமண்டலத்தில் 1822-ஆம் ஆண்டில் கலெக்டர் ஜான் சல்லிவன் கட்டத் தொடங்கிய கல் பங்களா இன்றும் அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது.

நம் மாவட்டத்தில் நீர் உறைவதில்லை. ஆனால் நீர் செய்யும் கேடு வேறு வடிவில் வருகிறது. சித்திரை வெயிலில் சுவர் எலும்பாகக் காய்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் அதே சுவர் வாரக்கணக்கில் ஊறுகிறது. மண் சாந்தாயின் ஊறிப் பருத்து, பிறகு காய்ந்து சுருங்கி, நீரோடு கரைந்து ஒழுகுகிறது. தரையிலிருந்து ஏறும் ஈரம் உப்பைச் சுமந்துகொண்டு மேலே வருகிறது. ஈரம் உலர்ந்தபின் அந்த உப்பு பூச்சுக்குள் பூத்து, அடிச்சுவரைச் செதில் செதிலாக உதிர்க்கிறது. இடுக்கில் விழுந்த ஓர் அரச விதை போதும், பத்து ஆண்டில் சுவரைப் பிளக்க. குளிர்நாட்டில் பனி செய்யும் வேலையை இங்கே வெயிலும் மழையும் வேரும் பங்கிட்டுச் செய்கின்றன.

ஒரு சுவரில் இரு முகங்கள்

கல் சுவரின் அமைப்பை நாம் புரிந்துகொள்ள வேண்டும். கொத்தனார் வெளிப்புறம் ஒரு வரியும் உட்புறம் ஒரு வரியுமாக முகக் கற்களை வைக்கிறார். நடுவில் சில்லும் சாந்தும் இட்டு நிரப்புகிறார். பார்வைக்கு அது ஒரே சுவர். உண்மையில் அருகருகே நிற்கும் இரண்டு மெல்லிய சுவர்கள். இரண்டையும் பிணைப்பது, சுவரின் அகலம் முழுவதும் ஊடுருவிக் கிடக்கும் நீளமான கற்களே. அவற்றைப் பிணைப்புக் கற்கள் என்று அழைப்போம்.

பிணைப்புக் கல் இல்லாத சுவரில் மேலிருந்து நீர் இறங்கினால், நடுவிலுள்ள நிரப்பு கரைந்து கீழே அமுங்குகிறது. அமுங்கிய பொருள் இரு முகங்களையும் பக்கவாட்டில் தள்ளுகிறது. சுவர் ‘வயிறு தள்ளுவது’ இதனால்தான்.

1993-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் மகாராஷ்டிர மாநிலத்தின் லாத்தூர்ப் பகுதியில், கில்லாரியைச் சுற்றிய கிராமங்களில் நேர்ந்த நிலநடுக்கத்தை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அங்கே மண் சாந்தில் கட்டிய தடித்த கல் சுவர்கள் இரண்டாகப் பிளந்தன. அவற்றின்மேல் இருந்த கனத்த மண் கூரைகள் உறங்கிக்கொண்டிருந்தவர்கள்மேல் விழுந்தன. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். தடித்த சுவர் பலமான சுவர் அன்று, பிணைந்த சுவரே பலமான சுவர் என்பதை அந்நாள் நாட்டுக்கு உணர்த்திற்று. அதே ஆண்டில் வெளிவந்த இந்தியத் தர நிர்ணயத்தின் நெறிமுறை, சுவர் உயரத்தில் இரண்டு அடிக்கு ஒரு வரிசையாக, கிடையில் நான்கு அடிக்கு மிகாத இடைவெளியில் பிணைப்புக் கற்கள் வைக்கவேண்டும் என்று கூறுகிறது. சுவரின் தடிப்பு ஒன்றரை அடிக்கு மேற்படலாகாது என்றும் கூறுகிறது. நம் மாவட்டம் பெரிய நிலநடுக்கங்களுக்குப் பேர்போனதன்று. எனினும், நடுக்கம் ஒரு நொடியில் செய்வதை மழை பல ஆண்டுகளில் செய்துவிடும். மருந்து இரண்டிற்கும் ஒன்றே.

வீடு கட்டும்போது ஊராட்சி உறுப்பினரோ, வீட்டுக்காரரோ அருகில் நின்று, “பிணைப்புக் கல் எங்கே?” என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். பூச்சு பூசிய பின்னர் கேட்டுப் பயனில்லை.

சாந்தும் சிமெண்டும்

நம் முன்னோர் சுண்ணாம்புச் சாந்தில் கட்டினார்கள். இன்று பழுது பார்க்க வருவோர் சிமெண்டை அள்ளி அப்புகிறார்கள். இதில் சற்று நிதானம் வேண்டும்.

சுண்ணாம்புச் சாந்து காற்றிலுள்ள கரியமிலவாயுவை ஏற்று மெள்ள மெள்ள இறுகுவது. அது சற்று இளகிய தன்மையுடையது. சுவர் சிறிது அசைந்தால் தானும் இசைந்து கொடுக்கும். சுவருக்குள் புகுந்த ஈரம் அதன் நுண் துளைகள் வழியே வெளியேறிவிடும். சிமெண்டோ கடினமானது, ஈரம் எளிதில் கடக்காதது. பழைய சுண்ணாம்புச் சுவரின் இடுக்குகளைச் சிமெண்டால் அடைத்துவிட்டால், மேலிருந்தும் தரையிலிருந்தும் ஏறிய ஈரம் உள்ளேயே சிறைப்படுகிறது. செம்புறாங்கல் சுவராயின் கேடு இன்னும் அதிகம். கல் மென்மையானது, சாந்து கடினமானது. ஆகவே சாந்து நிற்க, அதைச் சுற்றிலும் கல்லே அரித்துக் குழிவிழும். மென்மையான பொருள் தேய்ந்து, விலையுயர்ந்த பொருளைக் காப்பதே முறை. சாந்தை மாற்றலாம், கல்லை மாற்றுவது எளிதன்று.

சிமெண்டு வேண்டாத பொருள் என்று நான் கூறவில்லை. புதிய கருங்கல் அஸ்திவாரத்திற்கும், வாசல், சன்னல் மேல் இடும் கான்கிரீட்டுக்கும், சுவர் தலையைச் சுற்றிக் கட்டும் கம்பிக் கட்டுக்கும் அது ஏற்றது. சிமெண்டில் கட்டிய சுவரைச் சிமெண்டில் பழுது பார்க்கலாம். சுண்ணாம்பில் கட்டியதைச் சுண்ணாம்பிலேயே பழுது பார்க்கவேண்டும். இதுதான் விதி.

நல்ல சாந்து செய்வது அரிய காரியமன்று. சுட்ட சுண்ணாம்பைத் தொட்டியிலுள்ள நீரில் இட்டு நீற்றவேண்டும். அப்போது அது கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வை போய்விடும். ஆகையால் குழந்தைகளை அண்டவிடலாகாது. நீற்றியதைச் சலித்து, மேலே நீர் நிற்க மூடிவைத்தால், நாள் செல்லச் செல்ல வெண்ணெய்போல் குழைவாகும். அதில் ஒரு பங்கும், அளவாய் வெந்த செங்கல்லை இடித்த தூள் ஒரு பங்கும், கழுவிய மணல் ஒன்று முதல் இரண்டு பங்கும் சேர்த்து நன்றாக அரைக்கவேண்டும். செங்கல் தூள் சேர்ந்த சுண்ணாம்பு, ஈரத்திலும் இறுகும் தன்மை பெறுகிறது. மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் போன்ற கரையோர ஊர்களில் உள்ளோர் கடல் மணலை எக்காரணம் கொண்டும் சேர்க்கக்கூடாது; அதிலுள்ள உப்பு சுவரைத் தின்றுவிடும்.

செம்புறாங்கல் பற்றி இன்னொரு சொல். பூமியிலிருந்து வெட்டும்போது இளகியிருக்கும் அக்கல், காற்றுப் பட்ட பின்னரே இறுகுகிறது. வெட்டிய கையோடு வண்டியேற்றிச் சுவரில் வைக்காமல், சில மாதங்கள் அடுக்கி ஆறவிட்டுப் பயன்படுத்தினால் கல் நீடித்து உழைக்கும்.

பழுது பார்க்கும் முறை

பழுது பார்க்கப் புகுமுன் நீர் வரும் வழியைக் கண்டுபிடியுங்கள். நோயின் மூலம் இருக்க, புண்ணுக்கு மட்டும் பற்றுப் போட்டுப் பயனில்லை. ஓடு உடைந்திருக்கிறதா? இறவாரத்து நீர் சுவரடியில் விழுகிறதா? குளியலறை நீர் எங்கே போகிறது? தெருவில் புதுச் சாலை போடும்போதெல்லாம் தெரு உயர்ந்து, வீட்டுத் தரை தாழ்ந்துவிட்டதா? இக்கடைசிக் குறைக்கு வீட்டுக்காரர் பொறுப்பல்லர். சாலை போடும்போது வடிகாலையும் சேர்த்து அமைப்பது ஊராட்சியின் பொறுப்பு.

அடுத்து வெடிப்பைக் கவனியுங்கள். வெடிப்பின் குறுக்கே சிறிதளவு சுண்ணாம்பைப் பூசி, அதன்மேல் தேதியைக் குறியுங்கள். சில மாதங்கள் சென்றும் அப்பூச்சு முழுமையாக இருந்தால் வெடிப்பு பழையது. இடுக்கை நிரப்பினால் போதும். பூச்சு பிளந்தால் சுவர் இன்னும் நகர்கிறது, அஸ்திவாரத்தைப் பார்க்கவேண்டும்.

இடுக்கு நிரப்புவதற்கும் முறை உண்டு. உதிர்ந்த பழைய சாந்தை, இடுக்கின் அகலத்தைப்போல் இரு மடங்கு ஆழத்திற்காவது சுரண்டி எடுக்கவேண்டும். தூசியைக் கழுவி, கல்லை ஈரப்படுத்தி, புதுச் சாந்தை அழுத்திச் செலுத்தி, அகன்ற இடங்களில் கல் சில்லுகளைச் செருகவேண்டும். வேலை முடிந்தபின் ஈரச்சாக்கைத் தொங்கவிட்டு ஒரு வாரமாவது காயாமல் காக்கவேண்டும். கொட்டும் மழையும் கொளுத்தும் வெயிலும் இவ்வேலைக்கு ஆகா.

வயிறு தள்ளிய சுவரைப் பூச்சால் மறைப்பது பெரும் ஆபத்து. சுத்தியால் தட்டிப் பார்த்தால் உள்ளே பொள்ளல் ஓசை கேட்கும். அத்தகைய சுவரில், கூரைக்கு முட்டுக் கொடுத்து, பழுதான பகுதியைச் சிறிது சிறிதாகப் பிரித்து, பிணைப்புக் கற்களுடன் மீண்டும் கட்டவேண்டும். அதிகம் தள்ளாத சுவராயின், சில கற்களைக் கழற்றி, சுவரின் அகலம் முழுவதும் துளை செய்து, வளைத்த கம்பியிட்டுக் கான்கிரீட் நிரப்பிப் பிணைக்கும் முறை லாத்தூர் நிலநடுக்கத்திற்குப் பின் பரவலாயிற்று. இவ்விரண்டும் பழகிய கொத்தனார், பொறியாளரின் மேற்பார்வையில் செய்யவேண்டிய வேலைகள்.

ஊராட்சியின் கடமை

2019-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் விடியுமுன், மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில், பெருமழையில் ஊறிய உயரமான கருங்கல் சுற்றுச்சுவர் ஒன்று பக்கத்திலிருந்த எளியோர் வீடுகள்மேல் சரிந்தது. 17 பேர் உறக்கத்திலேயே உயிரிழந்தனர். அதற்கு முந்தைய ஆண்டு, 2018 நவம்பர் 16-இல், கஜா புயல் நம் மாவட்டத்துக் கூரைகளைப் பிய்த்தெறிந்ததையும் நீங்கள் அறிவீர்கள். கூரை போன சுவரின் தலை திறந்துகிடந்தால், அடுத்த மழை நேராக அதன் வயிற்றில் இறங்கும். சுவர் விழுவது தெய்வச் செயல் அன்று. அது முன்கூட்டியே அடையாளம் காட்டுகிறது. அந்த அடையாளத்தைக் காணக் கண் வேண்டும்.

ஆகவே ஒரு வேலைத்திட்டத்தை உங்கள்முன் வைக்கிறேன். ஆடி மாதத்தில் ஒவ்வொரு வார்டு உறுப்பினரும் தம் வார்டில் வீடு வீடாகச் சென்று சாய்ந்த, வயிறு தள்ளிய சுவர்களைப் பட்டியலிட வேண்டும். பள்ளி, அங்கன்வாடி, கோயில் மதில், தனியார் சுற்றுச்சுவர் எதையும் விடலாகாது. மேட்டு மண்ணைத் தாங்கும் சுவர்களில் நீர் வடியும் துளைகள் திறந்திருக்கின்றனவா என்றும் பார்க்கவேண்டும். ஆகஸ்ட் 15 கிராம சபையில் அப்பட்டியலைப் படிக்கவேண்டும். அக்டோபர் 2 கிராம சபைக்குள் வேலை முடிந்திருக்கவேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் சாந்து இறுக இந்த அவகாசம் தேவை. சீர்செய்ய முடியாத சுவரின் அருகே, மழைக்காலம் முடியும்வரை எவரும் படுத்துறங்க விடாதீர்கள். பழைய வீடுகளைப் புதுப்பிக்க அரசு உதவித் திட்டங்கள் இருக்கின்றன. தகுதியுள்ளோரின் பெயர்களை ஒன்றிய அலுவலகத்திற்கு எடுத்துச் செல்வது உங்கள் கடமை.

இன்னொன்று, கைத்திறன். 1990-களின் தொடக்கத்தில், ஒப்பந்தக்காரர்களிடம் கூலிக்குக் கல்லுடைத்த பெண்களின் குழுக்களுக்கே கல்குவாரிகளைக் குத்தகைக்குக் கொடுத்து, நாடு முழுவதும் பேசப்பட்ட மாவட்டம் இது. கல்லை உடைக்கத் தெரிந்த கைகள் இங்கே ஏராளம். சுண்ணாம்பு நீற்றவும், பிணைப்புக் கல் வைக்கவும், இடுக்கு நிரப்பவும் தெரிந்த கைகளோ நாளுக்கு நாள் குறைந்து வருகின்றன. ஊரில் எஞ்சியிருக்கும் முதிய கொத்தனார் ஒருவரை அழைத்து, இளைஞர் நால்வரை அவரிடம் பழகவிடுங்கள். ஊராட்சிக்குச் சொந்தமான ஒரு பழைய சுவரையே அவர்களுக்குப் பள்ளிக்கூடமாக்குங்கள்.

நண்பர்களே! இன்றே வீட்டுக்குப் போனதும் ஒரு முறை உங்கள் வீட்டைச் சுற்றி வாருங்கள். இறவாரத்தை நிமிர்ந்து பாருங்கள். சுவரடியைக் குனிந்து பாருங்கள். நீர் வரும் வழி தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதி வேலையை ஐப்பசிக்கு முன் முடித்துவிடுங்கள்.