ஜன்னலோரத்து வெண்ணெய்ச் செடி

லண்டனில் நான் ஆராய்ச்சி மாணவனாக இருந்த நாட்களில், என் அறையின் கிழக்கு ஜன்னலில் ஒரு சிறு சட்டி இருந்தது. அதிலிருந்த செடிக்கு உயரம் என்பதே இல்லை. ரோஜாப்பூ விரிந்தாற்போல இலைகள் மண்ணோடு படிந்து கிடக்கும். தொட்டால், விரலில் வெண்ணெய் பட்டாற்போன்ற வழவழப்பு. ஆங்கிலேயர் இதனைப் 'பட்டர்வொர்ட்' என்பர். நாம் வெண்ணெய்ச் செடி என்று சொல்லிக்கொள்ளலாம். தாவர நூலார் இட்ட பெயர் பிங்குயிகுலா. 'கொழுத்தது' என்னும் பொருளுடைய லத்தீன் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது.

நேயர்களே, அந்த வழவழப்புத்தான் செடியின் வலை. இலையின் மேற்பரப்பில் இருவகைச் சுரப்பிகள் உள்ளன. காம்புள்ளவை பசையைச் சுரக்கின்றன. கொசுவினும் சிறிய பூச்சி வந்து உட்கார்ந்தால் எழுந்து பறக்க இயலாது. காம்பற்றவை ஜீரண ரசத்தைச் சுரந்து, பூச்சியின் சத்தைக் கரைத்து இலைக்குள் இழுத்துக்கொள்கின்றன. எஞ்சுவது வெறும் கூடு. சார்லஸ் டார்வின், பூச்சியுண்ணும் தாவரங்களைப் பற்றி 1875-இல் வெளியிட்ட நூலில் இச்செடிக்குத் தனி அத்தியாயமே ஒதுக்கினார். அவருக்கு நெடுங்காலம் முன்பே ஸ்காண்டிநேவிய மக்கள் இவ்விலைகளின்மீது பாலை ஊற்றி உறைய வைத்து உண்டு வந்தனர். விஞ்ஞானிக்கு முன்னே அடுப்பங்கரை சென்றுவிடுவது புதிதல்லவே!

என்னிடம் இருந்தது மெக்ஸிகோ நாட்டு இனம், மொரனென்ஸிஸ் என்பர். மலைச்சரிவுகளில், சத்துக் குறைந்த மண்ணில் வளர்வது. மண் தராத நைட்ரஜனைப் பூச்சி தருகிறது. இதையெல்லாம் நான் படித்திருந்தேன். ஆயினும் என் முதற் செடியைக் கொன்றவன் நானே.

இலையுதிர் காலம் வந்ததும் செடி சிறுக்கத் தொடங்கிற்று. அகன்ற இலைகள் வாடின. நடுவில் சின்னஞ்சிறு தடித்த இலைகள் நெருங்கி முளைத்தன. அவற்றில் பசையே இல்லை. பட்டினியால் மெலிகிறது என்று நினைத்து நாள்தோறும் நீர் ஊற்றினேன்; அதில் சிறிது உரத்தையும் கரைத்தேன். இரண்டு வாரத்தில் நடுக்குருத்து அழுகிப்போயிற்று.

கண்ணாடி வீட்டில் செடி வளர்க்கும் ஒரு முதியவரிடம் சட்டியைக் கொண்டுபோனேன். அவர் முகர்ந்து பார்த்துவிட்டு, செடி உறங்கப் போயிருந்தது, நீங்கள் விடவில்லை என்றார். மெக்ஸிகோவில் குளிர்காலமே வறண்ட காலம். அப்போது செடி வேட்டையை நிறுத்தி, நீரைத் தடித்த இலைகளில் சேமித்து ஓய்ந்திருக்கும். அவ்வேளையில் மண் நனைந்தே கிடந்தால் வேர் அழுகும்.

அழுகாத இலைகள் மூன்று மிஞ்சியிருந்தன. அவற்றை வெள்ளை அடியோடு முழுதாகப் பிரித்து, ஈர மணலின்மேல் கிடத்தி, கண்ணாடிக் கிண்ணத்தால் மூடினேன். நம்பிக்கை அதிகமில்லை. சில வாரங்களில் ஓர் இலையின் அடியில் கடுகளவு பச்சை முளை தோன்றிற்று. பிறகு மற்ற இரண்டிலும். கோடையில் என்னிடம் மூன்று செடிகள்!

இம்முறை மணலும் பெர்லைட்டும் சிறிது பாசிமட்கும் கலந்து நட்டேன். உரம் இல்லை. லண்டன் குழாய்நீரில் சுண்ணாம்பு மிகுதி. ஆகவே ஜன்னலுக்கு வெளியே பாத்திரம் வைத்து மழைநீர் பிடித்தேன். கோடையில் தட்டில் அரை அங்குல நீர். குளிர்காலத்தில் மண் முற்றும் காயாத அளவுக்கு மட்டும். வெளிச்சம் நிறைய வேண்டும், உச்சிவெயில் ஆகாது. இரை தேட வேண்டியதில்லை. சட்டி மண்ணில் உண்டாகும் சிறு ஈக்களே போதும். நண்பர் ஒருவர் அன்பு மிகுந்து இறைச்சித் துணுக்கு வைத்தார், இலைதான் அழுகிற்று.

இதன் குடும்பத்தைச் சேர்ந்த யூட்ரிகுலேரியா நம் குளங்களிலும் உண்டு. மஞ்சள் பூ நீருக்குமேல் தெரியும். பூச்சி பிடிக்கும் நுண்ணிய பைகள் நீருக்கடியில் இருக்கும். ஒரு கொடியை எடுத்துக் கண்ணாடித் தம்ளரில் இட்டு, உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள்.

ஊர் திரும்பும்போது இரண்டு சட்டிகளை நண்பர்களுக்குக் கொடுத்தேன். மூன்றாவதை முதியவரிடம் ஒப்படைத்தேன். அப்போது நவம்பர் மாதம். செடி சுருங்கிப்போயிருந்தது. அவர் மண்ணை விரலால் தொட்டுப் பார்த்துத் தலையசைத்தார்.