பரண்மேல் இருந்த மொய் நோட்டு

(பழைய மாணவர் சந்திப்பு விழாவில் பேசியது. மலருக்காக எழுதிக் கொடுக்கப்பட்டது.)



சங்கச் செயலாளர் போன் செய்து, "அண்ணே, பத்து நிமிஷம் பேசணும், தலைப்பு உங்க இஷ்டம்" என்றார். தலைப்பைக் கொடுத்துவிட்டால் தப்பித்துக் கொள்ளலாம். இஷ்டம் என்று விட்டால்தான் கஷ்டம். யோசித்துப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த ஒரே விஷயம் என் குடும்பம். அதைப் பற்றியே பேசுகிறேன். கேட்கிறவர்கள் தங்கள் குடும்பத்தைப் பொருத்திப் பார்த்துக்கொள்ளுங்கள். குடியாத்தத்தில் எல்லா வீட்டுக் கதையும் ஏறக்குறைய ஒன்றுதான்.

நான் 1972-இல் இங்கே பி.யு.சி. சேர்ந்தேன். 1964-இல் தொடங்கிய நம் திருமகள் ஆலைக் கல்லூரிக்கு அப்போது எட்டு வயது. ஒருநாள் வரலாற்று வகுப்பில் ஆசிரியர், "அக்பரின் தாத்தா யார்?" என்று கேட்டார். பத்து கை எழுந்தது. "சரி, உன் தாத்தாவோட தாத்தா பேர் என்ன?" என்றார். ஒரு கையும் எழவில்லை. நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

எங்கள் வீடு தறி வீடு. தாத்தாவும் அப்பாவும் கைலி நெய்தார்கள். நாடா ஓடும் சத்தத்தில்தான் நாங்கள் படித்தோம், தூங்கினோம். ஆயாவும் அத்தைகளும் சமையல் முடிந்ததும் தீப்பெட்டி ஒட்டுவார்கள். பக்கத்து வீட்டில் பீடி சுற்றுவார்கள். ஒரு சித்தப்பா பேரணாம்பட்டில் தோல் ஷாப்பில் வேலை. பெரியப்பா கோலார் தங்க வயலில், சாம்பியன் ரீப் சுரங்கத்தில். அத்தை ஒருத்தியை ஆம்பூரில் கொடுத்திருந்தது. வட ஆற்காட்டிலிருந்து சுரங்க வேலைக்குக் கோலார் போகாத குடும்பம் அந்தக் காலத்தில் அபூர்வம். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே தோண்ட ஆரம்பித்ததிலிருந்து நம்ம பக்கத்து ஜனம் போய்க்கொண்டே இருந்தது.

இத்தனை பேர் இத்தனை இடத்தில் இருந்தாலும் சேதி மட்டும் நிற்காது. வாரம் ஒரு கார்டு, மாசம் ஒரு இன்லண்ட் லெட்டர். "நலம், நலமறிய ஆவல்" என்று தொடங்கி, மாடு கன்று போட்டது, பாப்பாவுக்கு முதல் பல் முளைத்தது, நூல் விலை ஏறிவிட்டது, சின்னவன் கணக்கில் பெயில் என்று எல்லாமே வரும். தந்தி வந்தால் மட்டும் யாரும் பிரிக்க மாட்டார்கள். பிரிப்பதற்கு முன்பே ஆயா அழ ஆரம்பித்துவிடுவார். அந்தத் தந்திச் சேவையே 2013 ஜூலையில் நின்றுபோனது.

தாத்தா மூன்றாம் வகுப்புதான். ஆனால் வந்த கடிதத்தைப் படித்ததும், சேதியை ஒரு நீள நோட்டில் இரண்டு வரியாக எழுதிவைப்பார். 1954-இல் முதலமைச்சரான காமராஜர் நம் குடியாத்தம் தொகுதி இடைத்தேர்தலில் நின்று சட்டமன்றத்துக்குப் போனார். நாடே பார்த்த தேர்தல். தாத்தா நோட்டில் அன்றைக்கு என்ன எழுதியிருந்தார் தெரியுமா? "எலெக்‌ஷன். தறி ஓடவில்லை. செவலைக்குக் காளைக்கன்று." அவ்வளவுதான். சின்ன வயதில் அதைப் படித்துப் படித்துச் சிரிப்போம்.

மே மாதம் வந்தால் வீடு நிறைந்துவிடும். வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசு. அதற்கு ஒரு வாரம் முன்பே கோலார் கூட்டம் வந்து இறங்கும். மாரிக்குப்பத்தில் ஏறி, பங்காருப்பேட்டையில் மாறி, ஜோலார்பேட்டை வழியாகக் குடியாத்தம் ஸ்டேஷன். அங்கிருந்து ஊருக்குள் வர மாட்டு வண்டி. பெரியம்மா கொண்டுவரும் பேக்கரி ரொட்டிக்காகவே நாங்கள் பாதி வழி எதிரே ஓடுவோம். ஒரு வருஷம் எண்ணிப் பார்த்ததில் வீட்டில் 31 பேர். பாய் பத்தாது. ஆம்பளைப் பிள்ளைகள் எல்லாம் கவுண்டன்ய ஆற்று மணலில் போய்ப் படுப்போம். அப்போது ஆற்றில் மணல் இருந்தது. கையால் ரெண்டடி தோண்டினால் ஊற்று வரும், அதையே குடித்தோம். இன்றைய பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் தாத்தா கதை விடுகிறார் என்பார்கள்.

சிரசு அன்றைக்கு விடியற்காலையிலேயே முத்தியாலம்மன் கோயிலில் இருந்து அம்மன் சிரசு புறப்படும். வழியெல்லாம் தேங்காய் உடையும். கோபாலபுரத்தில் கோயிலுக்கு வந்து சிரசை உடலில் பொருத்திக் கண் திறக்கும்வரை ஆயா பச்சைத் தண்ணீர் பல்லில் படவிடமாட்டார். ராத்திரி வாணவேடிக்கை. அது முடிந்து வீடு வந்தால் பெரியவர்கள் திண்ணையில் உட்கார்ந்து குடும்பப் பஞ்சாயத்தை ஆரம்பிப்பார்கள். யாருக்கு யாரைக் கட்டுவது, யார் யாரிடம் பேசுவதில்லை, ஏன் பேசுவதில்லை, எல்லாம் அன்றைக்குத்தான் தீரும். சிலது தீராது. அடுத்த சிரசுக்கு வாய்தா.

தோல் ஷாப் சித்தப்பா வந்தால் நாங்கள் கொஞ்சம் தள்ளித்தான் உட்காருவோம். குளித்தாலும் அந்த வாசனை போகாது. ஆயா ஒருநாள் பார்த்துவிட்டு, "அந்த நாத்தத்துலதான்டா உன் காலேஜ் பீஸு இருக்கு" என்றார். உண்மைதான். என் பீஸில் பாதி அவர் கட்டியது. 1996 ஆகஸ்டில் தோல் கழிவுநீர் வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபோது, அந்தச் சித்தப்பா வேலை போகுமோ என்று பயந்தார். ஆம்பூர் அத்தை வீட்டு மாமாவோ, கிணறு உப்பாகித் தென்னை பட்டுப்போன வயிற்றெரிச்சலில், "இப்பவாவது கேட்டாங்களே" என்றார். அடுத்த சிரசுக்கு இருவரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள், ஆனால் பேசவில்லை. இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. பாலாற்றங்கரையில் எத்தனையோ வீட்டில் இந்தச் சண்டை நடந்திருக்கும்.

இனி நான் சொல்லப்போவது என் வீட்டாருக்கே தெரியாது.

தாத்தா 1985-இல் காலமானார். அவர் நோட்டுகளும் கடிதக் கட்டுகளும் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. 1998-இல் பழைய ஓட்டு வீட்டை இடித்து மெத்தை வீடு கட்டினேன். சாமான் ஒழிக்கும் அவசரத்தில் அந்தப் பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டேன். 11 கிலோ. கிலோ இரண்டரை ரூபாய். மொத்தம் 27 ரூபாய் 50 காசு. பெட்டிக்குத் தனியாகப் பேரம் பேசினது கூட ஞாபகம் இருக்கிறது. வரலாற்று வகுப்பில் உட்கார்ந்து படித்தவன் செய்த காரியம் இது.

கொஞ்ச நாள் கழித்து ஆயா, "தாத்தா நோட்டு எங்கடா வச்சிருக்க?" என்று கேட்டார். "பரண்லதான் ஆயா, பத்திரமா இருக்கு" என்றேன். 2003-இல் போய்ச் சேரும்வரை அதை நம்பிக்கொண்டுதான் இருந்தார். இந்த மேடையில்தான் முதல்முறையாகச் சொல்கிறேன்.

என்ன தொலைத்தேன் என்பது 2012-இல்தான் புரிந்தது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலிருந்து ஓர் அம்மையார், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, நண்பர் ஒருவர் மூலமாக வீட்டுக்கு வந்தார். தமிழ் பேச வராது. சேலை கட்டி, நெற்றியில் குங்குமத்தோடு வந்தார். கையில் ஒரு காகிதம். அவருடைய பாட்டிக்குப் பாட்டி கப்பலில் போய் இறங்கியபோது எழுதிய பதிவின் நகல். 1860 முதல் 1911 வரை நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஐந்து வருட ஒப்பந்தத்தில் போனவர்கள் சுமார் 1,52,000 பேர். பெரும்பகுதி சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். அதிலும் வட ஆற்காடு மாவட்டத்துக்காரர்கள் மிகுதி. 1876-இல் தொடங்கிய தாது வருடப் பஞ்சம், விளைச்சல் இல்லாத குடியானவர்களையும் கூலி இல்லாத நெசவாளிகளையும் ஊரைவிட்டுத் துரத்தியது. ஒவ்வொருவருக்கும் ஒரு எண், பெயர், தகப்பன் பெயர், வயது, உயரம், மாவட்டம், தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம் என்று வரிசையாகப் பதிந்திருக்கிறார்கள்.

அந்தக் காகிதத்தில் வயது 20, மாவட்டம் வட ஆற்காடு, தாலுகா குடியாத்தம் என்று தெளிவாக இருந்தது. கிராமத்தின் பெயர் மட்டும் வெள்ளைக்கார எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியது. எப்படி உச்சரித்தாலும் நம்ம ஊர்ப் பெயராக வரவில்லை. புருஷன் பெயர் இல்லை. தனியாகப் போயிருக்கிறாள்.

எனக்கு அப்போது சுரீரென்றது. தாத்தா எப்போதோ ஒருமுறை, "நம்ம வகையறாவுல ஒருத்தி கப்பல் ஏறிட்டா" என்று சொல்லியிருந்தார். யார், எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை. நோட்டில் எழுதியிருந்தாரா? எழுதியிருக்கலாம், எழுதாமலும் இருக்கலாம். இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. இந்த அம்மையார் எங்களுக்கு உறவு என்று நான் சொல்ல வரவில்லை. உறவா இல்லையா என்று பார்க்க இருந்த ஒரே காகிதத்தை நான் கிலோ இரண்டரை ரூபாய்க்கு விற்றுவிட்டேன், அதைத்தான் சொல்கிறேன்.

அன்றைக்குக் கைகொடுத்தது என் பெரியம்மா. அப்போது அவருக்கு எண்பது தாண்டியிருந்தது. 2001 பிப்ரவரி 28-இல் தங்கச் சுரங்கத்தை மூடியதும் கோலாரில் இருந்து எங்களோடு வந்துவிட்டவர். "ஏன்டா முழிக்கிற? உங்க பெரிய அத்தை கல்யாணத்து மொய் நோட்டு என் டிரங்குப் பெட்டியில இருக்குது பாரு" என்றார். 1958-இல் எழுதிய நோட்டு. அதற்கு முன்பு பரணில் கிடந்தது, எலி கடிக்கிறதே என்று அவர்தான் எடுத்துப்போய் வைத்திருந்தார். 214 பேர். ஊர், பெயர், தகப்பன் பெயர், தொகை. பேரணாம்பட்டு, பள்ளிகொண்டா, கே.வி.குப்பம், பலமநேர், சித்தூர், மாரிக்குப்பம். நான் ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாக உரக்கப் படிக்க, அந்த அம்மையார் கண்ணை மூடிக்கொண்டு, தன் காகிதத்தில் உள்ள சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு ஊர் கிட்டத்தட்ட ஒத்துவந்தது. அடுத்த நாள் கார் வைத்துக்கொண்டு இரண்டுக்கும் போனோம். பெரியவர்களை விசாரித்தோம். எதுவும் பிடிபடவில்லை. ஒரு வீட்டில் கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும் போட்டார்கள். களி உருண்டையைப் பார்த்ததும் அவர், தன் பாட்டி சோளமாவில் இப்படித்தான் உருட்டுவார் என்றார்.

ஊருக்குக் கிளம்பும்போது, "கிராமம் கிடைக்கவில்லை, பரவாயில்லை, தாலுகா கிடைத்ததே" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, அந்த மொய் நோட்டைக் கேட்டார். கடைசிப் பக்கத்தில் 101 ரூபாய் வைத்தார். பெரியம்மா என்னைப் பார்த்து, "எழுதுடா" என்றார். ஊர் டர்பன் என்று எழுதி, பெயரும் எழுதினேன். அது 215-ஆவது மொய்.

அதற்குப் பிறகு நாங்கள் சும்மா இருக்கவில்லை. மொய் நோட்டை முதலாக வைத்துக்கொண்டு, பழைய கல்யாணப் பத்திரிகைகள், கருமாதிப் பத்திரிகைகள், கிரயப் பத்திரங்கள், பள்ளிக்கூட டி.சி. என்று தேடி, ஆறு தலைமுறையை ஒரு பெரிய அட்டையில் எழுதினோம். எழுதும்போதுதான் ஒன்று உறைத்தது. ஆண்கள் பெயர் எல்லாக் காகிதத்திலும் கிடைக்கிறது. பெண்கள் பெயர் கிடைப்பதில்லை. மொய் நோட்டில்கூட "இன்னார் சம்சாரம்" என்றுதான் இருக்கிறது. என் கொள்ளுப்பாட்டி பெயரைப் பெரியம்மாதான் வாயால் சொன்னார். அவர் சொன்னதற்கு வேறு சாட்சி இல்லை. அவரும் இப்போது இல்லை. கப்பல் பதிவில் இருந்த அந்த இருபது வயதுப் பெண்ணுக்காவது, அவள் சொந்தப் பெயரில் ஒரு வரி இருந்தது.

2021 நவம்பரில் மோர்தானா அணை நிரம்பிக் கவுண்டன்யா கரைபுரண்டபோது, ஆற்றோரத்து வீடுகளில் ஜனங்கள் கையில் எடுத்துக்கொண்டு ஓடியது ரேஷன் கார்டும் பத்திரமும். நானும் அன்றைக்கு மொய் நோட்டைத்தான் முதலில் எடுத்து மேலே வைத்தேன்.

மாணவச் செல்வங்களே, உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் ஆயா இருந்தால், இன்று ராத்திரி சாப்பிட்டதும் பக்கத்தில் உட்கார்ந்து நாலு கேள்வி கேளுங்கள். அவருடைய அம்மா பெயர் என்ன, எந்த ஊரில் பிறந்தார், யார் யார் ஊரைவிட்டுப் போனார்கள், ஏன் போனார்கள். செல்போனில் பதிவு செய்தாலும் சரி, நோட்டில் எழுதினாலும் சரி. பரணை ஒழிக்கும்போது ஒருமுறை பிரித்துப் பார்த்துவிட்டு ஒழியுங்கள். பழைய நண்பர்களே, நமக்கும் நாள் அதிகம் இல்லை. நமக்குத் தெரிந்ததை நாமாகவே எழுதிவைப்போம். பிள்ளைகள் கேட்பார்கள் என்று காத்திருக்க வேண்டாம். நானும் கேட்காதவன்தான்.

வரும் வைகாசி முதல் நாள் சிரசுக்கு எங்கள் வீட்டுக்கு எல்லோரும் வர வேண்டும். பாய் பத்தாது, மெத்தை மாடியில் இடம் உண்டு.