தொலைநோக்கிக்கு நேரம் குறிப்பது எப்படி?

காஞ்சிபுரத்துல இருந்து பேசுறேன். இன்னைக்கு எபிசோட் ஒரு விண்ணப்பத்தைப் பத்தி. "இந்த நட்சத்திரத்தை, இந்த நேரத்துல, இவ்வளவு நேரம் பாருங்க"ன்னு ஒரு விஞ்ஞானி விண்வெளித் தொலைநோக்கிக்கு எழுதிக் கொடுக்கிற விண்ணப்பம். கேட்க சாதாரணமா இருக்கும். ஆனா நேரத்தைச் சரியா எழுதலைன்னா ரெண்டுல ஒண்ணு நடக்கும். தொலைநோக்கி அந்தப் பக்கமே திரும்பாது. இல்லைன்னா, திரும்பிப் பார்த்து எதுக்கும் உதவாத டேட்டாவை அனுப்பும். ரெண்டாவதுதான் மோசம். வேற ஒருத்தருக்குப் போயிருக்க வேண்டிய நேரம் அது.

நம்ம ஆஸ்ட்ரோசாட்டையே எடுத்துக்குவோம். 2015 செப்டம்பர் 28 அன்னைக்கு ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து பி.எஸ்.எல்.வி. சி-30 ராக்கெட்டில் கிளம்பியது. புற ஊதா ஒளியையும் எக்ஸ் கதிர்களையும் ஒரே சமயத்தில் பார்க்கிற விண்வெளி ஆய்வகம். 650 கிலோமீட்டர் உயரத்தில், பூமத்திய ரேகைக்கு 6 டிகிரி சாய்வில் சுத்துது. ஒரு சுத்துக்குக் கிட்டத்தட்ட 98 நிமிஷம். ராகு காலத்தை விட எட்டு நிமிஷம் கூட, அவ்வளவுதான். அதுக்குள்ள பூமியை ஒரு முறை சுத்தி முடிச்சிடும்.

இங்கேதான் முதல் சிக்கல். இவ்வளவு கீழே சுத்துறதால, வானத்தில் ஒரு பெரிய பகுதியைப் பூமியே மறைக்குது. நாம பார்க்க வேண்டிய பொருள் ஒவ்வொரு சுத்திலயும் பூமிக்குப் பின்னாடி போயிட்டு வரலாம். சூரியனுக்கு 45 டிகிரிக்குள்ள திரும்பக் கூடாது, கருவி பாழாகிடும். சாட்டிலைட் போற திசைக்கு 12 டிகிரிக்குள்ளயும் திரும்பக் கூடாது. அந்த உயரத்துல மிச்சம் இருக்கிற ஆக்சிஜன் அணுக்கள் கண்ணாடி மேல மோதி அதைக் கெடுக்கும். தெற்கு அட்லாண்டிக் பக்கம் கதிர்வீச்சு அதிகமான ஒரு பகுதி இருக்கு. அதைத் தொட்டுப் போகும்போது கருவிகள் வேலை செய்ய முடியாது. புற ஊதாத் தொலைநோக்கியான யுவிட், பூமியோட இரவுப் பக்கத்தில் மட்டும்தான் பார்க்கும். கணக்குப் போட்டா இந்த உயரத்தில் ஒரு சுத்துக்கு இரவு சுமார் 35 நிமிஷம்தான்.

ஒரு பேச்சுக்கு, உங்களுக்கு யுவிட்ல 28 மணி நேர வெளிச்சம் சேரணும்னு வைங்க. 35 நிமிஷம் முழுசா கிடைச்சாலும் 48 சுத்து ஆகும். அதாவது மூணு நாளுக்கு மேல. அதனால "எவ்வளவு நேரம் வெளிச்சம் சேரணும்" என்பதும் "தொடக்கத்துல இருந்து முடிவு வரை எவ்வளவு நாள் ஆகலாம்" என்பதும் வேற வேற கேள்வி. உங்க நட்சத்திரம் ரெண்டு நாளில் மாறிடும்னா, "28 மணி நேரம்"னு மட்டும் எழுதுறது பத்தாது.

இதெல்லாம் இயற்கை போடுற நிபந்தனை. பேரம் பேச முடியாது. 2017 ஆகஸ்ட் 17 அன்னைக்கு ரெண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் மோதின ஈர்ப்பு அலை வந்துச்சே, ஞாபகம் இருக்கா? சுப்பிரமணியன் சந்திரசேகர் பேரில் இருக்கிற சந்திரா எக்ஸ் கதிர் தொலைநோக்கி ஒன்பதாவது நாள் அங்கே எக்ஸ் கதிரைக் கண்டுபிடிச்சது. அப்புறம் அந்த இடம் வானத்தில் சூரியனுக்கு ரொம்பப் பக்கத்துல வந்திடுச்சு. உலகமே காத்துக்கிட்டு இருந்தாலும் டிசம்பர் வரைக்கும் சந்திராவால அந்தப் பக்கம் திரும்ப முடியல.

சரி, இப்போ நாம போடுற நிபந்தனைகளுக்கு வருவோம். இதுக்கு எங்க ஊரை விட நல்ல உதாரணம் கிடைக்காது. அத்தி வரதர். வரதராஜப் பெருமாள் கோயில் அனந்தசரஸ் குளத்துக்குள்ள இருக்கிறவர். 40 வருஷத்துக்கு ஒரு தடவை வெளியே வருவார். 1979, அப்புறம் 2019. ஜூலை 1 தொடங்கி ஆகஸ்ட் 17 வரை 48 நாள். முதல் 31 நாள் சயன கோலம், கடைசி 17 நாள் நின்ற கோலம்.

வானியல் விண்ணப்பத்தில் இதே விஷயத்தை மூணு எண்ணா எழுதுவாங்க. சுழற்சிக் காலம் 40 வருஷம். தொடக்கப் புள்ளி 2019 ஜூலை 1. எனக்கு வேண்டிய கட்டம், 32-ஆவது நாளில் இருந்து 48-ஆவது நாள் வரை. ஒண்ணையொண்ணு சுத்துற இரட்டை நட்சத்திரத்தில் ஒன்று மற்றதை மறைக்கிற நேரம் வேணும்னா இப்படித்தான் கேட்கணும். தேதியே எழுதத் தேவையில்லை. எந்தச் சுழற்சியில் தோதுப்படுதோ அதுல பார்த்துக்குவாங்க.

அத்தி வரதரைப் பார்க்கப் போறவங்க மூணு விதமா சொல்லலாம். "48 நாளில் ஏதாவது ஒரு நாள் போதும்." "நின்ற கோலம் பார்க்கணும்." "கடைசி நாள்தான் வேணும்." மூணும் நியாயமான ஆசைதான். ஆனா கூட்டத்தைச் சமாளிக்கிறவர் கண்ணுல மூணுக்கும் விலை வேற. முதல் ஆளுக்கு 48 வாய்ப்பு, ரெண்டாவது ஆளுக்கு 17, மூணாவது ஆளுக்கு ஒண்ணே ஒண்ணு. அன்னைக்கு மழை கொட்டினா, முடிஞ்சது.

நிபந்தனைகள் சேர்ந்தா விலை பெருகும். உங்களுக்கு இரட்டை நட்சத்திரத்தின் சுழற்சியில் பத்தில் ஒரு பங்கு கட்டம் மட்டும் வேணும். யுவிட்டுக்கு இரவுப் பக்கம், அதாவது சுமார் மூணில் ஒரு பங்கு. ரெண்டும் சேர்ந்து அமையுற நேரம் முப்பதில் ஒரு பங்குதான். அது கூட தரையில் இருக்கிற தொலைநோக்கியும் அதே நிமிஷம் பார்க்கணும்னு சேர்த்தா, அங்கே ராத்திரியா இருக்கணும், மேகம் இருக்கக் கூடாது. எழுதுறது ஒரு வரிதான். ஆனா ஷெட்யூல் போடுறவருக்கு மிச்சம் ரெண்டு மூணு இடம்தான் இருக்கும்.

ஷெட்யூல் போடுறது எவ்வளவு கஷ்டம்னா, அதுக்காகவே அல்காரிதம் உருவாச்சு. ஹப்புள் தொலைநோக்கிக்காக ஸ்பைக்னு ஒரு சாஃப்ட்வேர் எழுதினாங்க. அந்த முயற்சியில் வந்த யோசனையில இருந்துதான் 'மின்-கான்ஃப்ளிக்ட்ஸ்'ங்கிற முறை பிரபலமாச்சு. காலேஜ்ல ஏ.ஐ. பேப்பர் படிச்சவங்களுக்குத் தெரியும்: சதுரங்கப் பலகையில் ராணிகள் ஒண்ணையொண்ணு வெட்டாம வைக்கிற புதிர். அந்த முறை பத்து லட்சம் ராணிகளைக் கூட வைக்கும். முதல்ல எப்படியோ வெச்சிடும், அப்புறம் மோதல் எங்கே இருக்கோ அங்கே மட்டும் நகர்த்தும். கவனிங்க, நகர்த்த இடம் இருந்தாத்தான் இது வேலை செய்யும். எல்லா ராணியும் "நான் நகர மாட்டேன்"னு சொன்னா எந்த அல்காரிதமும் உதவாது.

இப்போ விண்ணப்பத்தில் சறுக்குற இடங்கள். மூணைச் சொல்றேன்.

ஒண்ணு, பழைய எண். மூணு மணி நேரத்துக்கு ஒரு முறை சுத்துற இரட்டை நட்சத்திரம்னு வைங்க. அந்தச் சுழற்சிக் காலத்தில் ஒரே ஒரு விநாடி பிழை. சின்னதுதானே? ஒரு நாளைக்கு எட்டு சுத்து, அஞ்சு வருஷத்துல 14,610 சுத்து. பிழையும் 14,610 விநாடி, நாலு மணி நேரத்துக்கு மேல. ஒரு முழுச் சுழற்சியையே தாண்டிடுச்சு. கிரகணம்னு நினைச்சு நீங்க குறிச்ச நேரத்துல எந்தக் கட்டமும் இருக்கலாம். அதனால தொடக்கப் புள்ளி எவ்வளவு பழசு, பிழை இன்னைக்கு எவ்வளவா வளர்ந்திருக்குன்னு கணக்குப் போட்டுட்டுத்தான் கட்டத்தை எழுதணும்.

ரெண்டு, எந்தக் கடிகாரம்? வானியலில் தேதியை ஜூலியன் நாள்னு ஒரே எண்ணா எழுதுவாங்க. அது நண்பகலில் தொடங்கும். அதோட திருத்திய வடிவம் நள்ளிரவில் தொடங்கும். மாத்தி எழுதும்போது அந்த அரை நாளை விட்டா, 12 மணி நேரம் போச்சு. அதுக்கு மேல, பூமி சூரியனைச் சுத்துறதால ஒரே நிகழ்வின் ஒளி நமக்குச் சில மாசம் சீக்கிரமும் சில மாசம் தாமதமாவும் வரும். எட்டு நிமிஷம் வரை வித்தியாசம். அதைச் சரி செய்ய, சூரியக் குடும்பத்தின் மையத்தில் இருந்து பார்த்த மாதிரி நேரத்தை மாத்தி எழுதுவாங்க. அந்த நேரத்தை அப்படியே சாட்டிலைட் நேரம்னு கொடுத்தா, பத்து நிமிஷக் கிரகணம் கிட்டத்தட்ட முழுசா கை நழுவலாம்.

மூணு, "பத்து நாளைக்கு ஒரு முறை." நம்மள மாதிரி கோட் எழுதுறவங்களுக்கு இது உடனே புரியும். கிரான் ஜாபா, இல்ல ஸ்லீப்பா? முதல் தேதியில் இருந்து எண்ணணுமா, இல்ல கடைசியா பார்த்த நாளில் இருந்தா? ஒரு முறை ரெண்டு நாள் தள்ளிப் போனா அடுத்ததும் தள்ளணுமா? "முதல் தேதியில் இருந்து பத்து நாள் இடைவெளி, முன்னே பின்னே ஒரு நாள் பரவாயில்லை, ஒரு முறை விட்டுப் போனாலும் தொடருங்க." இப்படி எழுதினா யாரும் யூகிக்க வேண்டியதில்லை.

இதுல இருந்து நான் எடுத்துக்கிறது ஒண்ணுதான். நிபந்தனை எழுதும்போது, கூடவே ஏன்னு ஒரு வரி எழுதுங்க. "14-ஆம் தேதி வேணும்" என்பதை விட "கிரகணத்துக்குள்ள நுழையுற பத்து நிமிஷம் வேணும், எந்தச் சுழற்சியா இருந்தாலும் சரி" என்பது ஆயிரம் மடங்கு மேல். சூரிய வெடிப்பு, கருவிக் கோளாறு, அவசரமா பார்க்க வேண்டிய புது சூப்பர்நோவான்னு ஷெட்யூல் எப்போ வேணும்னாலும் உடையும். அப்போ ராத்திரி ரெண்டு மணிக்கு முடிவு எடுக்கிறவர் நீங்க இல்லை. தேதி மட்டும் தெரிஞ்சா, அது போனதும் அவர் உங்க விண்ணப்பத்தை மூடி வெச்சிடுவார். காரணம் தெரிஞ்சா வேற நேரம் தேடுவார்.

இதை நீங்களே பார்க்கணும்னா, ஆஸ்ட்ரோசாட்டுக்குன்னே ஆஸ்ட்ரோவியூவர்னு ஒரு கருவி இருக்கு. வானத்தில் ஒரு இடத்தைக் கொடுத்தா எந்த நாட்களில் அதைப் பார்க்க முடியும்னு காட்டும். உங்களுக்குப் பிடிச்ச ஒரு நட்சத்திரத்தைப் போட்டுப் பாருங்க. வருஷத்தில் எந்தெந்த மாசம் கதவு சாத்தியிருக்குன்னு தெரியும். அப்புறம், திங்கட்கிழமை ஆபீஸ்ல "வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்"னு ஒரு டிக்கெட் வந்தா, வெள்ளிக்கிழமை என்ன நடக்கப் போகுதுன்னு மட்டும் கேளுங்க. பாதி நேரம் உண்மையான தேவை அந்தப் பதிலில்தான் இருக்கும்.