குண்டுக்கு ஞானஸ்நானம் கொடுத்தது யார்?



1945 ஆகஸ்ட் 9, வியாழக்கிழமை. நாகசாகியில் உராகாமி பேராலயம். மரியாவின் விண்ணேற்புத் திருநாளுக்கு இன்னும் ஆறே நாள். இரண்டு குருக்கள் பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். மணி 11.02. ஏறக்குறைய அரைக் கிலோமீட்டர் தள்ளி வானத்தில் அணுகுண்டு வெடிக்கிறது. கோயிலுக்குள் இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை. உராகாமியில் சுமார் 12,000 கத்தோலிக்கர். அவர்களில் ஏறத்தாழ 8,500 பேர் மாண்டார்கள்.

அவர்கள் யார்? கிறிஸ்துவின் உருவத்தைக் காலால் மிதி என்று ஜப்பான் அரசு கட்டளையிட்ட காலத்தில், குருவும் இல்லாமல் கோயிலும் இல்லாமல், இருநூறு ஆண்டுகளுக்கு மேல் விசுவாசத்தை ஒளித்துக் காத்தவர்களின் பேரப்பிள்ளைகள்!

இவர்களைக் கொன்றவன் நாத்திகன் என்று சொன்னால் நமக்கு நிம்மதி. ஆனால், குண்டைச் சுமந்த விமானத்தை ஓட்டிய சார்ல்ஸ் ஸ்வீனி கத்தோலிக்கர். அந்த விமானம் புறப்பட்ட டினியன் தீவில் ஸ்வீனியின் படைப்பிரிவுக்கு ஆன்ம குருவாக இருந்தவர் அருள்தந்தை ஜார்ஜ் ஸபெல்கா. பொதுமக்கள் மேல் குண்டு விழுவது தெரிந்தும் அதற்கு எதிராகத் தாம் பேசவில்லை என்று பிற்காலத்தில் மனம் வருந்தி ஊரறியச் சொன்னார். அந்த ஒரு குருவானவராவது தம் பாவத்தை அறிக்கையிட்டார். நாம்?

பெயர்களைப் பாருங்கள். உலகத்தின் முதல் அணுகுண்டுச் சோதனைக்கு அமெரிக்கா வைத்த பெயர் டிரினிட்டி. நாம் சிலுவை போடும்போது சொல்லுகிறோமே, அந்தத் திரித்துவத்தின் பெயர்! 1980களின் தொடக்கத்தில் ஓர் அணுசக்தி நீர்மூழ்கிப் போர்க்கப்பலுக்கு கார்ப்பஸ் கிறிஸ்டி என்று பெயரிட்டார்கள். கிறிஸ்துவின் திருவுடல் என்று பொருள். அது டெக்சாஸில் உள்ள ஊரின் பெயர்தானே என்றார்கள். கத்தோலிக்கர் எதிர்த்த பிறகு, 'நகரம்' என்ற ஒரு சொல்லை முன்னால் ஒட்டினார்கள். பெயர் திருந்தியது. கப்பல் திருந்தியதா?

அமெரிக்கனை மட்டும் ஏசிவிட்டுக் கீழே இறங்க நான் வரவில்லை. குண்டு விழுந்த அதே மாதம் எடுத்த கேலப் கருத்துக்கணிப்பில் அமெரிக்கரில் 85 சதவீதம் பேர் குண்டு போட்டது சரி என்றார்கள். அவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். சரி, 1998 மே மாதம் பொக்ரானில் இந்தியா அணுகுண்டை வெடித்துச் சோதித்தபோது இந்த நாட்டுத் தெருக்களில் பட்டாசு வெடித்து இனிப்பு கொடுத்தார்களே, அப்போது நாம் என்ன செய்தோம்? இனிப்பை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு பூசைக்குப் போனோம்!

"ஐயா, அது போடுவதற்கு அல்ல, பயமுறுத்துவதற்கு" என்பீர்கள். பயம் காட்ட வேண்டுமானால், போடுவேன் என்று எதிரி நம்ப வேண்டும். நம்ப வேண்டுமானால், போடுவதற்கு ஆளும் ஆணையும் தயாராக இருக்க வேண்டும். ஓர் ஊரைக் குழந்தை குட்டியோடு எரிக்கத் தயாராக இருக்கும் மனத்தை எந்தப் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கொண்டுபோய் வைப்பீர்கள்?

1982இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், ஆயுதக் களைவுக்குப் போகும் வழியில் ஒரு படியாக மட்டும் இந்த அச்சுறுத்தலைப் பொறுத்துக்கொள்ளலாம் என்றார். படி ஏறுவதற்கு. நாமோ அந்தப் படியிலேயே வீடு கட்டிக் குடியேறிவிட்டோம். அதனால்தான் 2019இல் அதே நாகசாகி மண்ணுக்குப் போன திருத்தந்தை பிரான்சிஸ், அணு ஆயுதத்தை வைத்திருப்பதே ஒழுக்கக்கேடு என்பதை அந்தப் பயணத்தில் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். 2017இல் 122 நாடுகள் ஆதரித்து நிறைவேற்றிய அணு ஆயுதத் தடை ஒப்பந்தத்தில், கையெழுத்துக்குத் திறந்த முதல் நாளே வத்திக்கான் கையெழுத்திட்டது. குண்டு வைத்திருக்கும் ஒன்பது நாடுகளில் ஒன்றுகூட இன்றுவரை கையெழுத்திடவில்லை. இந்தியாவும் இல்லை.

கெத்சமனித் தோட்டத்தில் பேதுருவின் கையில் இருந்தது ஒரே ஒரு வாள். வெட்டியது ஒரே ஒரு காது. அதையே உறையில் போடச் சொன்னார் ஆண்டவர். இன்று உலகத்தில் 12,000க்கும் மேற்பட்ட அணுகுண்டுகள் இருக்கின்றன.

வருகிற ஞாயிறு விசுவாசிகள் மன்றாட்டில் மழைக்காகக் கேளுங்கள், பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காகக் கேளுங்கள். கூடவே ஒரு வரி சேருங்கள்: "ஆண்டவரே, பகைவனுடைய குண்டோடு எங்கள் குண்டையும் அழிக்க எங்களுக்கு மனம் தாரும்." பக்கத்தில் இருப்பவர் திரும்பி முறைப்பார். முறைக்கட்டும். நீங்கள் சத்தமாகச் சொல்லுங்கள்.