ஒரே உலை: மதுரைச் சமவெளியின் கிராமச் சபைகள்



'பிரஸ்பிட்டர்' என்பது மூப்பரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. சபையார் தேர்ந்தெடுக்கும் மூப்பர்கள் கூடியிருந்து சபையை ஆள்வது பிரஸ்பிட்டேரியன் மரபு. ஒவ்வொரு சபையும் தன்னைத் தானே ஆள்வது அதற்கு நெருங்கிய உறவுடைய காங்கிரிகேஷனல் மரபு. இவ்விரு மரபினரும் துணைநின்ற அமெரிக்கன் போர்டு 1810இல் தோன்றி, 1816இல் யாழ்ப்பாணத்திலும் 1834இல் மதுரையிலும் பணி தொடங்கிற்று. மதுரைக்கு முதலில் வந்த ஹொய்சிங்டன், டாட் என்னும் இருவருடன் யாழ்ப்பாணத் தமிழர் சிலரும் உதவியாளராக வந்தனர். பிரஸ்பிட்டேரியர் 1870இல் போர்டிலிருந்து பிரிந்து தம் சொந்த அமைப்புக்குச் சென்றனர். ஆயினும் சபையாருக்கும் வாயுண்டு என்னும் எண்ணம் இம்மண்ணில் ஊன்றப்பட்டுவிட்டது.

அந்த வாய் என்ன பேசிற்று என்பதே வரலாற்று வினா. திண்டுக்கல், திருமங்கலம், மேலூர், மானாமதுரை என மிஷன் நிலையங்கள் பரவின. அவற்றைச் சூழ்ந்த சிற்றூர்களில் மண்சுவரும் கூரையுமாகச் செபவீடுகள் எழுந்தன. வாரநாளில் பள்ளிக்கூடம், ஞாயிறன்று கோயில். ஆயர் எப்போதாவது வருவார். நாள்தோறும் சபையைத் தாங்கியவர் உபதேசியார். சபையாருள் பலர் பிறர் நிலத்தில் உழைத்தவர்கள், எழுத்தறிவு மறுக்கப்பட்டவர்கள். மிஷன் அறிக்கைகள் அவர்களைத் தலைக்கணக்கில் எண்ணின. அவர்கள் சொல்லை அரிதாகவே பதிந்தன. அவர்களை அறிய இரண்டு வழிகள் உள: ஒன்று, யாருடன் அமர்ந்து உண்டார்கள் என்பது, மற்றொன்று, எந்தப் பாட்டைப் பாடினார்கள் என்பது.

முதலில் உணவு. சாதியை விடாதவர் சபையில் நீடிக்கலாகாது என்று மதுரை மிஷன் 1847இல் தீர்மானித்தது. தாழ்த்தப்பட்டோர் சமைத்ததைச் சேர்ந்திருந்து உண்பதே அதற்குச் சோதனையாயிற்று. பலர் மறுத்தனர், மிஷன் ஊழியரிலும் சிலர் விலகினர். தீர்மானம் நேர்மையானதே. ஆனால் அது மேலிருந்து வந்த கட்டளை. மூப்பரின் ஆலோசனையைப் போற்றும் மரபில் வந்தவர்கள், மூப்பராகத் தக்கவர்களைக் கேளாமலே ஆணையிட்டனர். கட்டளை இலையைப் போட்டது, மனத்தை மாற்றவில்லை.

அடுத்தது பாட்டு. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) கருநாடக இசையில் யாத்த கீர்த்தனைகளை, மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் 1853இல் தொகுத்து அச்சேற்றினார். மேனாட்டு மெட்டுக்குத் தமிழை ஒடித்துப் பொருத்திய ஞானப்பாட்டுகளினூடே, தமிழ்ப் பண்ணில் தமிழர் துதிக்கும் உரிமை சபைக்குள் நிலைபெற்றது. ஆனால் முரண் ஒன்றை மறைத்தல் ஆகாது. தமிழ்ப் பாடலுக்காக மிஷனரிகளோடு வாதாடிய அதே சாஸ்திரியார், கோயிலுக்குள் சாதி வழக்கத்தைக் காக்கவும் வாதாடியவர். சாதியைச் சோதித்த மிஷனும் சாதிக்கு வழக்காடிய புலவரும் ஒரே பாட்டுப் புத்தகத்தில் சந்தித்தனர். அந்தப் புத்தகத்தைத்தான் வயலிலிருந்து வந்த கைகள் ஏந்தின. பாடலின் இனிமை அவர்களுக்குச் சொந்தமாயிற்று; அதன் மொழிநடையோ அரசவையிலிருந்தும் கச்சேரியிலிருந்தும் வந்தது.

பின்வந்தவை ஒன்றிப்பின் ஆண்டுகள். 1908இல் காங்கிரிகேஷனல், பிரஸ்பிட்டேரியன் சபைகள் தென்னிந்திய ஐக்கிய சபையாயின. 1947 செப்டம்பர் 27இல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு சபைகளும் இணையத் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. மதுரை–இராமநாதபுரத்தின் முதற் பேராயர் லெஸ்லி நியூபிகின், ஸ்காட்லாந்துப் பிரஸ்பிட்டேரியன் சபையில் குருத்துவம் பெற்றவர். பேராயர் பதவியையே ஏற்காத மரபில் வந்தவர் பேராயரானார். புதிய திருச்சபையில் ஆயருக்கே 'பிரஸ்பிட்டர்' என்று பெயர். மூப்பர் என்னும் சொல், தேர்ந்தெடுக்கப்பட்ட ஊர்ப் பெரியவரிடமிருந்து அங்கி அணிந்தவரிடம் சென்றது.

சொல் அங்ஙனம் மேலேறிய காலத்தில் குரல் கீழிருந்து எழுந்தது. மதுரை அரசரடியில் 1969இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராய் விளங்கிய தியாபிலஸ் அப்பாவு, 'பரட்டை' என்னும் புனைபெயரில் நாட்டுப்புற மெட்டுகளில் பாடல்கள் இயற்றினார். வழிபாட்டு முறை முழுவதையும் கிராமிய இசையில் அமைத்தார். சாவுக்கு அடிப்பது என்று ஒதுக்கப்பட்ட பறை, துதிக்கும் கருவியாயிற்று. சபைக்குள்ளேயே முகம் சுளித்தவர் உண்டு. சாதியின் வடுவை ஏன் கோயிலுக்குள் கொணர வேண்டும் என்று ஒடுக்கப்பட்டோருள்ளும் கேட்டவர் உண்டு. அக்கேள்வி எளிதில் தள்ளத்தக்கதன்று. அப்பாவு 2005இல் மறைந்தார்.

அவர் வலியுறுத்திய கருத்து, ஒரே உலையில் பொங்கி எல்லாரும் உண்பது. 1847இன் சோதனையும் இதையே கேட்டது. ஆனால் அன்று அது சேர்த்துக்கொள்ளப்படுவதற்கான நிபந்தனை. இங்கே அது உழைப்பவரின் வீட்டு அடுப்பிலிருந்து எழுந்த உவமை. நிபந்தனைக்கு அஞ்சி உண்பவன், வீட்டுக்குச் சென்று கை கழுவக்கூடும். தானே பாடிய பாட்டை ஒருவன் அவ்வளவு எளிதில் கழுவிவிட முடியாது. தென்மாவட்டச் சபைகளில் 'அசனம்' என்று வழங்கும் பொதுவிருந்தின் பொருளும் இதுவே. எனினும் அசனத்தில் ஒரே பந்தியில் இருப்பவர் கல்லறையிலும் திருமணத்திலும் பிரிந்து நிற்கும் ஊர்கள் இன்றும் உள. உலை இன்னும் கொதிநிலைக்கு வரவில்லை.

கவிஞர்களுக்கு இவ்வரலாறு விடுக்கும் வேண்டுகோள் ஒன்றுண்டு. இச்சபைகளின் ஞானஸ்நானப் பதிவேடுகளில் பெயர்கள் இருக்கின்றன; குரல்கள் இல்லை. அறுப்பின் பண்டிகையில் பாடப்பட்டு ஏட்டில் ஏறாத பாடல்களும், உபதேசியார்கள் தாமே கட்டிய பாக்களும் முதியோர் நினைவில் எஞ்சியுள்ளன. அவற்றைத் திருத்தாமல், பாடியவரின் வழக்கிலேயே, பாடியவரின் ஊரோடு எழுதிவைப்பது தமிழிலக்கிய வரலாற்றின் கடமை. யாப்புப் பிழை பார்க்கும் கண்கள் அப்போது சற்றே ஓய்ந்திருக்கட்டும். பத்தாண்டுகளாகப் புதிய பாடல்களை அரங்கேற்றிவரும் இலக்கிய வட்டம், பாடியவர் பெயரறியாப் பழைய பாடல்களுக்கும் ஓர் இருக்கை தருமானால், மூப்பர் என்னும் சொல் தன் உரியவரிடம் மீளும்.