மரக்கடைகளுக்கு அடியில் ஒரு தெரு



நியூரம்பெர்க் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது, இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு நாஜித் தலைவர்களைக் கூண்டில் ஏற்றி நடத்திய விசாரணைதான். ஜெர்மானியக் குழந்தைகளிடம் அதே பெயரைச் சொல்லிப் பாருங்கள். பட்டையும் கிராம்பும் மணக்கும் ஒரு பலகாரத்தைச் சொல்வார்கள்; டிசம்பர் மாதம் அங்கே கூடும் ஒரு சந்தையைச் சொல்வார்கள். 'கிறிஸ்ட்கிண்ட்லெஸ்மார்க்ட்' என்று அதற்குப் பெயர். குழந்தை இயேசுவின் சந்தை என்று பொருள். திருவருகைக் கால முதல் ஞாயிறுக்கு முந்திய வெள்ளிக்கிழமை மாலை தொடங்கி, டிசம்பர் 24ஆம் தேதி பிற்பகலோடு கடைகளை மூடிவிடுவார்கள். அந்த நாலு வாரத்துக்குள் வந்துபோகிறவர்கள் ஏறக்குறைய 20 லட்சம் பேர். ஒரு வழிகாட்டியின் பின்னால் நடந்து அந்தச் சந்தையை நான் பார்த்த மாலையைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேசப்போகிறேன்.

ரயில் நிலையத்துக்கு எதிரே பழைய கோட்டை மதில். அதில் யானைக்கால் போலத் தடித்த ஒரு வட்டக் கோபுரம். பிற்பகல் இரண்டரை மணிக்கு அதனடியில் பதினான்கு பேர் கூடினோம். எங்கள் வழிகாட்டி, பள்ளிக்கூடத்தில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற ஓர் அம்மையார். வணக்கம் சொன்ன கையோடு அவர் பார்த்தது எங்கள் கால்களைத்தான். "எத்தனை பேர் இரண்டு காலுறை போட்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டார். நான்கு பேர் கை தூக்கினார்கள். அதில் நான் இல்லை. கல் பாவிய தெருவில் குளிர் மேலிருந்து இறங்குவதில்லை, கீழேயிருந்துதான் ஏறுகிறது என்பது அரை மணி நேரத்தில் எனக்கே தெரிந்துவிட்டது.

நேராகச் சந்தைக்குப் போவோம் என்று நினைத்திருந்தேன். அவர் போகவில்லை. முதலில் புனித லாரன்ஸ் ஆலயத்தின் முன்னால் நிறுத்தினார். செம்மண் நிறக் கல்லில் எழும்பிய இரட்டைக் கோபுரம். பைக்குள்ளிருந்து ஒரு பழைய புகைப்படத்தை எடுத்துக் காட்டினார். அதே கோபுரங்கள், நடுவில் கூரையைக் காணோம். சுற்றிலும் கல் குவியல். 1945 ஜனவரி 2ஆம் தேதி இரவு, கிறிஸ்துமஸ் முடிந்து எட்டாம் நாள், பிரிட்டிஷ் விமானங்கள் குண்டு வீசியதில் பழைய நகரத்தில் பத்தில் ஒன்பது பங்கு போய்விட்டது. நாம் இன்று பழமை என்று வாய்பிளந்து பார்க்கும் பலவும் அதன் பிறகு கல் கல்லாக எடுத்துக் கட்டியவை. இந்த ஆலயத்துக்குள் வைட் ஷ்டாஸ் என்ற சிற்பி 1518இல் முடித்த மரச்சிற்பம் ஒன்று கூரையிலிருந்து தொங்குகிறது. கபிரியேல் தூதர் மரியாளுக்கு மங்கள வார்த்தை சொல்லும் காட்சி. கோட்டைக் குன்றைக் குடைந்து செய்த நிலவறைக்குள் இறக்கி வைத்திருந்ததால் அது பிழைத்தது. "வண்டிபோட்டு ஏற்றிப் போக முடிந்ததை எல்லாம் காப்பாற்றினோம்" என்றார் அந்த அம்மையார். வீடுகளை எங்கே ஏற்றிப்போவது?

பெக்னிட்ஸ் ஆற்றுப் பாலத்தைக் கடக்கும்போது சந்தையின் வாசனை வந்துவிட்டது. சர்க்கரைப் பாகில் வறுபடும் பாதாம், விறகுப் புகை, சூடேறும் திராட்சை மது. குழுவில் இருந்த சிறுவன் முன்னால் ஓடப் பார்த்தான். வழிகாட்டி அவனைக் கையைப் பிடித்து நிறுத்திக்கொண்டு, எல்லோரையும் திடலின் விளிம்பில் ஒரு சுவரோரமாக ஒதுக்கினார். உள்ளே நூற்றெண்பது கடைகளும் விளக்கு ஏற்றத் தொடங்கியிருந்தன. அவர் குரலைத் தாழ்த்திப் பேசினார்.

1349ஆம் ஆண்டில் இந்தத் திடல் கிடையாது. இந்த இடம் யூதர்களின் குடியிருப்பு. ஆற்றோரத்துச் சதுப்பு நிலம் என்பதால் வேறு யாரும் விரும்பாத இடத்தை அவர்களுக்கு விட்டிருந்தார்கள். நகரம் வளர்ந்து இரு கரைகளும் ஒன்றாகி மதில் எழும்பியபோது, சதுப்பு நிலம் நகரத்தின் நட்டநடுவாகிவிட்டது. வியாபாரிகளுக்குத் திடல் வேண்டியிருந்தது. அரசன் நான்காம் சார்லஸ் அந்த நவம்பரில் எழுதிக்கொடுத்த சாசனம் இன்றும் படிக்கக் கிடைக்கிறது. யூதர் வீடுகளை இடித்துத் திடல் அமைத்துக்கொள்ளலாம், தொழுகைக்கூடம் நின்ற இடத்தில் மரியாளுக்கு ஓர் ஆலயம் எழுப்பவேண்டும் என்பது அதன் சாரம். டிசம்பர் 5ஆம் தேதி, புனித நிக்கோலாஸ் திருநாளுக்கு முந்திய நாள், 562 பேரைக் கொன்றார்கள். வீடுகளை இடித்தார்கள். அந்தத் திடல்தான் சந்தை நடக்கும் இன்றைய ஹாவ்ப்ட்மார்க்ட். சந்தையின் முகமாகப் படங்களில் எல்லாம் வருகிற ஃப்ராவன்கிர்ஹே ஆலயம், அந்தத் தொழுகைக்கூடத்தின் மேல் நிற்கிறது.

இதைச் சொல்லிவிட்டு அவர் சிறுவனின் கையை விட்டார். "இப்போது போகலாம். நன்றாகச் சாப்பிடுங்கள், நன்றாகச் சிரியுங்கள். எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்று தெரிந்துகொண்டு சிரியுங்கள்." என் அனுபவத்தில் பல ஊர்களில் வழிகாட்டிகளைப் பார்த்திருக்கிறேன். தன் ஊரைத் தேடி வந்த விருந்தாளியிடம், அதுவும் பண்டிகை நாளில், தன் ஊர் செய்த கொடுமையைச் சந்தைக்குள் நுழையும் முன்பே சொல்கிற துணிவை இவரிடம்தான் கண்டேன். அவர்மேல் எனக்கு வந்த மரியாதை இன்னும் குறையவில்லை.

சரி, சந்தைக்குள் வருவோம். கடைகள் எல்லாம் மரத்தால் ஆனவை. மேலே சிவப்பும் வெள்ளையும் பட்டை போட்ட துணிக்கூரை. நடுத்திடலில் பிளாஸ்டிக் தோரணத்துக்கு இடமில்லை. ஒலிபெருக்கியில் பதிவுசெய்த பாட்டும் போடக்கூடாது. இதை நான் பெரிய அருளாகவே நினைக்கிறேன். கூட்டம் பேசுவது காதில் விழுகிறது. பித்தளைக் குழல் ஊதுகிறவர்கள் ஆலய வாசலில் நின்று நிஜமாகவே ஊதுகிறார்கள்.

இந்தச் சந்தை எப்போது தொடங்கியது என்பதற்குக் கல்வெட்டு ஏதும் கிடையாது. கிடைத்திருப்பது ஒரு பெட்டி. ஒரு சாண் நீளத்தில் மெல்லிய மரப்பட்டையை வளைத்துச் செய்து, பூ வரைந்த முட்டை வடிவப் பெட்டி. அடியில் கையெழுத்து: இன்ன பெண் இன்ன பெண்ணுக்குக் குழந்தைச் சந்தையையொட்டி அனுப்பியது, 1628. ஒரு தோழி தோழிக்கு அனுப்பிய பரிசுதான் இன்றைக்குச் சந்தையின் மூத்த சாட்சி. அந்நகரின் ஜெர்மானிய தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெயரில் குழந்தை வந்ததற்கும் காரணம் உண்டு. நியூரம்பெர்க் 1525இல் சமயச் சீர்திருத்தவாதி லூதரின் வழிக்கு மாறியது. முன்பு பிள்ளைகளுக்கு நிக்கோலாஸ் நாளில் பரிசு தருவார்கள். லூதர் வழியினர் புனிதர்களை ஒதுக்கிவைத்துப் பரிசைக் கிறிஸ்து பிறப்பு நாளுக்கு மாற்றினார்கள். பரிசு கொண்டுவருகிற பொறுப்பு குழந்தை இயேசுவிடம் போனது.

நாஜிக்கள் இந்தச் சந்தையையும் விட்டுவைக்கவில்லை. நகரத்தின் வேறு இடங்களுக்கு ஒதுங்கிப் போயிருந்ததை 1933இல் தங்கள் பெருமைக்காக மீண்டும் திடலுக்குக் கொண்டுவந்தார்கள். அப்போது திடலுக்கே ஹிட்லர் பெயர். போர் வந்ததும் சந்தை நின்றது. 1948இல், சுற்றிலும் இடிபாடு இடிபாடாக நிற்கும்போதே, மறுபடி கடை போட்டார்கள்.

கொட்டை, உலர்பழக் கடை ஒன்றில் நான் வெகுநேரம் நின்றுவிட்டேன். அங்கே வரிசை வரிசையாக மனிதர்கள், ஒரு சாண் உயரத்தில். கம்பியில் உலர்ந்த ப்ளம் பழங்களைக் கோத்துக் கையும் காலும் செய்திருக்கிறார்கள். தலைக்கு ஓர் அக்ரோட்டுக் கொட்டை. அதில் கண்ணும் மூக்கும் வரைந்து, துணி தைத்துப் போட்டு, ஒருவன் கையில் துடைப்பம், ஒருத்தி இடுப்பில் கூடை. 'ஸ்வெட்ச்கென்மென்லே' என்கிறார்கள், ப்ளம் பழ ஆசாமிகள். கடைக்கார அம்மாள் ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். எதிர்பார்த்ததைவிடக் கனம். பழத்தின் சுருக்கங்கள் முழங்காலிலும் முழங்கையிலும் சரியாக வந்து மடிந்திருந்தன, வயதான மனிதனின் தோல் போல. ஒரே மாதிரி இரண்டு செய்ய முடியாது, பழம் விடாது என்றார். வீட்டில் ஒன்று இருந்தால் காசும் சந்தோஷமும் வீட்டைவிட்டுப் போகாது என்று அந்த ஊர்ப் பேச்சு. கையில் விளக்குப் பிடித்த இரவுக் காவலன் ஒருவனை வாங்கிக்கொண்டேன்.

விரல் நீளப் பன்றி இறைச்சித் தொத்திறைச்சியை மூன்று மூன்றாக ரொட்டிக்குள் வைத்துத் தருகிறார்கள். ஏழிலிருந்து ஒன்பது சென்டிமீட்டர்தான் இருக்கவேண்டும் என்பது விதி. ருசி பிரமாதம். என் மனம் அடுத்த கடையில் இருந்தது.

லெப்குஹன். அதுதான் நான் முதலில் சொன்ன பலகாரம். திருப்பலியில் கொடுக்கும் அப்பம் போன்ற மெல்லிய வெள்ளைத் தகட்டின் மேல் மாவைப் பரப்பிச் சுடுகிறார்கள். அதன் உயர்தர வகையாக, எலீசன் என்று பெயர் சொல்லி விற்கவேண்டுமானால் கால் பங்காவது பாதாம் போன்ற கொட்டைகள் சேரவேண்டும். கோதுமை மாவு பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. நான் ஒரு விள்ளல் வாயில் போட்டேன். பட்டை, கிராம்பு, ஏலம். வீட்டு அஞ்சறைப் பெட்டியைத் திறந்த மாதிரி இருந்தது. வழிகாட்டி என்னைப் பார்த்துச் சிரித்தார். "உங்கள் பக்கத்துச் சரக்குதான்" என்றார்.

அது உபசாரப் பேச்சில்லை. நகரைச் சுற்றிய காட்டில் தேன் இருந்தது. மற்றதெல்லாம் கடல் கடந்து வந்தது. மலபார்க் கரையின் மிளகும் இலங்கையின் பட்டையும் அரபிக் கடல் தாண்டி, அலெக்சாந்திரியா போய், வெனிஸ் நகரத்தில் கைமாறி, ஆல்ப்ஸ் மலையைக் கழுதை முதுகில் கடந்து இங்கே வந்திருக்கின்றன. இந்த ஊர்ப் பணக்கார வியாபாரிகளுக்கே 'மிளகு மூட்டை' என்றுதான் பட்டப்பெயர். 1505இல் போர்ச்சுகீசியத் தளபதி அல்மேய்தா நம் கரைக்குக் கப்பல் கொண்டுவந்தபோது, அதில் நியூரம்பெர்க் வியாபாரக் குடும்பங்களின் முதலீடும் இருந்தது. அதற்கும் முன்னால், 1492இல் இந்த ஊரில் மார்ட்டின் பெஹைம் செய்வித்த பூமி உருண்டை இன்றும் இருக்கிறது. உலகில் மிஞ்சியிருப்பவற்றில் மிகப் பழையது அதுதான். வாசனைச் சரக்கு எத்தனை பேர் கைமாறி வருகிறது, அதனால்தான் இந்த விலை என்று அதன்மேல் எழுதிவைத்திருக்கிறார்கள். அந்தக் கைகளில் முதல் கை மிளகுக் கொடியில் ஏறிப் பறித்தவன் கை. உருண்டையில் அவனுக்குப் பெயர் இல்லை. லெப்குஹனின் வாசனைக்கு அவனும் கடன் கொடுத்தவன்தான்.

இன்னொரு தொடர்பையும் சொல்லவேண்டும். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு இந்நகரம் கிழக்கிலங்கையில் மட்டக்களப்பு மாவட்டத்துக் கல்குடாவை நட்பு ஊராக ஏற்றுக்கொண்டது. அந்தப் பெயரை அந்தக் குளிரில் ஒரு ஜெர்மானியர் வாயால் கேட்டபோது மனம் நெகிழ்ந்தது.

சந்தையைத் திறந்துவைப்பது மேயர் இல்லை, ஒரு பெண்பிள்ளை. தங்க நிறக் கூந்தலும் கிரீடமும் பொன்னாடையுமாக ஆலயத்தின் மாடத்தில் நின்று வரவேற்புப் பா சொல்வாள். 1969 முதல் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஊர்ப் பெண்களில் ஒருத்தியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2019இல் தேர்வானவளுக்கு 17 வயது. அவள் தந்தை இந்தியாவிலிருந்து வந்தவர். அதைப் பழித்து ஓர் அரசியல் கட்சியின் மாவட்டக் கிளை ஒன்று எழுதியது. நகரம் அவள் பக்கம் நின்றது. அவளும் அந்த மாடத்தில் நின்று தன் பாவைச் சொன்னாள். எந்தத் திடலைப் பார்த்து நின்று சொன்னாள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து மணிக்கே நல்ல இருட்டு. நடை முடிந்தது என்று கைதட்டத் தயாரானோம். வழிகாட்டி, "இன்னும் ஐந்து நிமிடம்" என்று ஃப்ராவன்கிர்ஹே ஆலயத்துக்குள் அழைத்துப் போனார். உள்ளே கதகதப்பு, மெழுகு வாசனை. பீடத்தின் பக்கமாக நடந்து, கீழே பார்க்கச் சொன்னார். தரைக் கல்லில் ஆறு முனை நட்சத்திரம் ஒன்று பதித்திருந்தது. தாவீதின் நட்சத்திரம். இங்கே நின்ற தொழுகைக்கூடத்துக்கான அடையாளம்.

யாரும் பேசவில்லை. பதினான்கு பேரும், அந்தச் சிறுவன் உட்பட, ஈரக்காலணியை அதன்மேல் வைக்காமல் சுற்றிக்கொண்டு நடந்தோம். கதவைத் திறந்தபோது பித்தளைக் குழல்கள் மறுபடி ஊதத் தொடங்கியிருந்தன.