முழந்தாளிலிருந்த தமிழ்



இலக்கியம் பற்றிய இந்தத் தொடரிலே ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பூசையைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும், நிலையத்தினர் வழி தவறி என்னை அழைத்துவிட்டார்களோ என்று உங்களிற் சிலர் நினைக்கக்கூடும். பொறுத்துக் கேளுங்கள். நான் கற்ற முதல் தமிழ் பள்ளிக்கூடத்திற் கற்றதன்று. யாழ்ப்பாணக் கடலோரத்துக் கத்தோலிக்கப் பங்கு ஒன்றிலே, சீமெந்துத் தரையில் முழந்தாளிலிருந்து கற்ற தமிழ் அது. அந்தத் தமிழுக்கு நான் இழைத்த தவறு ஒன்றும் உண்டு. அதனையும் இன்று சொல்லிவிடவேண்டும்.

எங்களூர் கடற்றொழில் ஊர். சனிக்கிழமை இரவு எவரும் வலை எடுப்பதில்லை. வள்ளங்கள் கரையிலே வரிசையாகக் கிடக்கும். ஞாயிறு அதிகாலை முதல் மணி அடித்ததும் வீடுகளில் விளக்கு எரியும். இரண்டாம் மணிக்கு ஒழுங்கை நிறைந்த சனம் கோயிலை நோக்கிப் போகும். பூசைக்கு மூன்றாம் மணி. இந்த இரண்டாம் மணிக்கும் மூன்றாம் மணிக்கும் இடைப்பட்ட அரை மணித்தியாலந்தான் நான் சொல்ல வந்த விடயம்.

அந்த அரை மணித்தியாலம் சுவாமியாருக்குரியதன்று, சனங்களுக்குரியது. பெண்கள் பக்கத்தில் முன்வரிசையிலே முழந்தாளிலிருந்து ஓர் ஆச்சி செபம் தொடங்குவார். செபமாலை, அதன் பின் மாதா பிரார்த்தனை, பின்னர் மரித்த ஆத்துமாக்களுக்கான மன்றாட்டு. அவர் ஒரு வரி சொல்ல, கோயில் முழுவதும் மறுவரி சொல்லும். ஆச்சிக்கு எழுத வாசிக்கத் தெரியாது. கையிலே புத்தகம் இல்லை. ஆனால் ஓர் எழுத்துப் பிசகாது. தவக்காலம் வந்துவிட்டாலோ அவருடைய குரலே மாறிவிடும். வியாகுலப் பிரசங்கத்தை ஆண்கள் இரண்டு அணியாகப் பிரிந்து இராகத்தோடு வாசிக்க, இடையிலே அவர் தொடுக்கும் புலம்பலைக் கேட்டுக் கடலோரத்து முரட்டு மனிதர்கள் சால்வையாற் கண்ணைத் துடைப்பார்கள்.

பூசை முடிந்தாலும் ஞாயிறு முடிந்துவிடாது. கலியாண அறிவித்தல்கள் வாசிக்கப்படும். முற்றத்து மரத்தடியில் மூப்பர் நின்று, யார் வீட்டிலே நோய், யாருடைய வலை அறுந்தது, யாருக்கு அரிசி இல்லை என்று விசாரிப்பார். வின்சென்ட் டி போல் சபையார் தமக்குள் வீடுகளைப் பங்கிட்டுக்கொள்வார்கள். வழக்குகளும் அங்கேதான் தீரும். சில வேளைகளில் அங்கேதான் தொடங்கும். பழைய காலத்தைப் பொற்காலம் என்று பாட நான் வரவில்லை. எவர் எங்கே இருப்பது, எவர் மூப்பராவது என்பவற்றிலே சாதியும் குடும்பப் பெருமையும் கோயில் வாசலைத் தாண்டி உள்ளேயும் வந்திருந்தன. எழுதப்படிக்கத் தெரியாத ஓர் ஏழைப் பெண்ணின் குரலுக்கு ஊர் முழுவதும் பணிந்து மறுமொழி சொன்னது அந்த அரை மணித்தியாலத்திலே மாத்திரந்தான்.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது? 1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் வசமானது. கத்தோலிக்கக் குருமார் நாட்டிலிருந்து அகற்றப்பட்டனர். அவர்களுக்கு அடைக்கலம் கொடுத்தால் மரண தண்டனை என்று கட்டளை பிறந்தது. 1687இல் யோசேவாஸ் அடிகளார் கோவாவிலிருந்து ஏழைக் கூலியாளின் கோலத்தில் வந்து சேரும்வரை, ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் பூசை வைக்க ஆளில்லாமலே இந்தச் சனம் வாழ்ந்தது. அவர் வந்த பின்பும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. ஒரு சில குருமார் ஒளித்துத் திரிந்து நாடு முழுவதையும் பார்க்கவேண்டியிருந்தது. ஆகவே ஊர்தோறும் மூப்பரும் அண்ணாவிமாருமே ஞாயிறுகளில் மக்களைக் கூட்டிச் செபம் சொல்வித்தனர், ஞானோபதேசம் படிப்பித்தனர், மரிப்பவரின் தலைமாட்டில் இருந்தனர்.

இங்கேதான் இலக்கியம் வருகிறது. 1705இல் இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் கொங்கணி நாட்டவர். தமிழையும் சிங்களத்தையும் கற்று இரு மொழிகளிலும் நூல்கள் செய்தார். ஞாயிறு வாசகங்களுக்கு விளக்கமாகச் சுவிசேஷ விரித்துரையையும், தவக்காலத்துக்கு வியாகுலப் பிரசங்கத்தையும் தமிழிலே தந்தார். குரு இல்லாத கோயிலிலே ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்பதற்கு ஏற்ற உரைநடை அது. தமிழ் உரைநடையின் வரலாற்றைப் பேசுவோர் வீரமாமுனிவரைச் சொல்கிறார்கள்; நாவலரைச் சொல்கிறார்கள். சொல்லவேண்டியதுதான். ஆனால் 1742இல் மறைந்த கொன்சால்வெஸ் அடிகளின் வசனத்தை, படிப்பறிவில்லாத மீனவர் தலைமுறை தலைமுறையாகச் செவிவழி ஏற்று வாய்வழி காத்தனர் என்பதனை நமது வரலாற்று நூல்கள் போதிய அளவு கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை.

ஆச்சியின் செபத்திலே எத்தனை காலங்கள் படிந்திருந்தன என்பதைப் பின்னாளில்தான் உணர்ந்தேன். குருசு, நத்தார், பாஸ்கு, இஸ்பிரீத்துசாந்து என்பவை போர்த்துக்கேயர் விட்டுப்போன சொற்கள். சர்வேசுரன், பாவசங்கீர்த்தனம், தேவநற்கருணை என்பவை வடமொழி வழி வந்தவை. இவற்றுக்கு நடுவே புலம்பல் வந்ததும் எங்கள் கரையோரத்துச் செத்த வீட்டு ஒப்பாரியின் தூய தமிழ். மூன்றும் அவர் வாயிலே சண்டையில்லாமல் ஒன்றாயிருந்தன.

நான் சிறுவனாகப் பீடத்தில் உதவி செய்த காலத்தில் பூசை இலத்தீனில் இருந்தது. மறுமொழிகளைத் தமிழெழுத்தில் எழுதி மனனம் செய்து, கிளிப்பிள்ளைபோல ஒப்புவிப்போம். பொருள் எங்களுக்கும் தெரியாது; சனத்துக்கும் தெரியாது. சுவாமியார் முதுகைக் காட்டிக்கொண்டு இலத்தீனில் முணுமுணுக்க, சனம் தன்பாட்டில் தமிழிற் செபம் சொல்லிக்கொண்டிருக்கும். 1962 முதல் 1965 வரை நடைபெற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கம் இதனை மாற்றியது. பூசை தமிழுக்கு வந்தது. சுவாமியார் எங்கள் பக்கம் திரும்பினார். அன்றைய மகிழ்ச்சியை இன்றும் மறக்கமுடியாது. இளைஞர்களாகிய நாங்கள் பாடற்குழு அமைத்தோம். ஆர்மோனியம் வந்தது, பின்னர் கிற்றாரும் வந்தது. சர்வேசுரன் இறைவனானார். இஸ்பிரீத்துசாந்து தூய ஆவியானார். பூசை திருப்பலியாயிற்று. நல்ல மாற்றங்கள், வேண்டிய மாற்றங்கள். அவற்றுக்காக வாதாடியவர்களில் நானும் ஒருவன்.

ஆனால் ஒன்றை அப்போது நாங்கள் காணவில்லை. பீடத்துக்குத் தமிழ் ஏறிய அன்றே, முழந்தாளிலிருந்த தமிழ் எழுந்து வெளியே போகத் தொடங்கிவிட்டது.

1972 என்று நினைக்கிறேன். பூசைக்கு முன் பாட்டுப் பழக எங்களுக்கு நேரம் வேண்டியிருந்தது. ஆச்சியின் செபம் நீண்டுகொண்டே போனது. மாதா பிரார்த்தனையின் நடுவிலே நான் ஆர்மோனியத்தைத் திறந்து சுருதி பிடித்தேன். எவரும் என்னை ஏவவில்லை. அது என் வேலை. ஆச்சி ஒரு கணம் நிறுத்தினார். மறுபடி தொடங்கினார். நாங்கள் பாடத் தொடங்கினோம். அவர் திரும்பிப் பார்த்தார்.

"நீங்கள் பாடுங்கோ மோனை. நான் மனதுக்குள்ளை சொல்லுறன்."

முகத்திலே கோபம் இல்லை. அடுத்த ஞாயிறு அவர் மூன்றாம் மணிக்குத்தான் வந்தார். பின்வரிசையில் இருந்தார். அந்த அரை மணித்தியாலம் எங்களுக்குக் கிடைத்துவிட்டது.

நேயர்களே, இருபத்து மூன்று ஆண்டுகள் கழிந்தன. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சியை நோக்கி நடந்தது. அந்த இரவைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். நான் ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். ஒரு பாடசாலைக் கொட்டகையிலே எங்கள் பங்குச் சனத்தில் ஒரு பகுதி தங்கியிருந்தது. சுவாமியார் பல இடங்களுக்கும் சைக்கிளில் ஓடித் திரிந்தார். அந்த ஞாயிறு அவரால் வரமுடியவில்லை. பீடம் இல்லை, மணி இல்லை. ஆனாலும் காலையிலே சனம் தானாகவே கூடிவிட்டது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பாடற்குழுத் தலைவன் அல்லவா?

நான் எழுந்து ஒரு பாட்டைத் தொடங்கினேன். முதலடி வந்தது. இரண்டாம் சரணம் வரவில்லை. எங்கள் பாட்டுகள் எல்லாம் றோணியோ செய்த தாள்களில் இருந்தன. தாள்கள் கோயிலில் இருந்தன. இருபது ஆண்டுகள் பாடியதை நாங்கள் எவரும் மனத்தில் வைத்திருக்கவில்லை. பாட்டு நின்றது. ஒரு குழந்தை அழுதது.

மூலையில் பாயிலே படுத்திருந்த ஆச்சி எழும்பி முழந்தாளில் இருந்தார். வயது எண்பதை அண்டியிருக்கும். அதே மாதா பிரார்த்தனை. முதல் வரிக்கு நாலைந்து கிழவிகள் மறுமொழி சொன்னார்கள். இரண்டாம் வரிக்கு நாற்பது வயது கடந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். மூன்றாம் வரிக்கு, அந்தச் செபத்தை ஒருநாளும் கேட்டிராத பிள்ளைகளும் சேர்ந்துவிட்டார்கள். சொல்பவர் வரி மாறிக்கொண்டே போகும். சனத்தின் வரி மாறாது. எழுத்தறியாதவரும் குழந்தையும் வழிப்போக்கரும் மூன்றாம் வரியிலே சேர்ந்துகொள்ளக் கூடியதாக அதனைக் கட்டியிருக்கிறார்கள். முப்பது ஆண்டு குருவில்லாமல் வாழ்ந்த ஒரு சனத்துக்கு ஏன் அந்த வடிவம் தேவைப்பட்டது என்பது அந்தக் கொட்டகையிலே எனக்கு விளங்கிற்று. செபம் முடிந்ததும் மூப்பர் வழக்கம்போல எழுந்து, யார் எங்கே, யாரைக் காணவில்லை, யாரிடம் அரிசி இருக்கிறது என்று விசாரிக்கத் தொடங்கினார். எங்கள் பங்கு அந்தக் கொட்டகைக்குள் முழுமையாக இருந்தது.

1996இல் ஊர் திரும்பினோம். ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு ஆச்சியிடம் போனேன். நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு அது நினைவிலேயே இல்லை என்றார்; மெய்யோ பொய்யோ தெரியாது. செபங்களைச் சொல்லுங்கள், எழுதுகிறேன் என்றேன். தொடங்கினார். நாலு வரி போனது. ஐந்தாவது வரவில்லை. மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். அதே இடத்தில் நின்றுவிட்டது.

"என்னண்டு மோனை தனியச் சொல்லுறது? சனம் மறுமொழி சொன்னாத்தானே எனக்கு அடுத்தது வரும்."

பேனாவை வைத்துவிட்டு நான் மறுமொழி சொன்னேன். அடுத்த வரி வந்தது. அதனை எழுதி, பின் மறுமொழி சொல்லி, பின் எழுதி, இப்படியே பல மாலைகள் போயின. பாதிக்குச் சற்றுக் கூடுதலாக எழுதியிருப்பேன். மறு ஆண்டு ஆச்சி காலமானார். தவக்காலத்துப் புலம்பலின் பெரும்பகுதி அவரோடு போயிற்று. நான் 1972இல் ஆர்மோனியத்தை மூடி வைத்திருந்தால் அதைக் கேட்டுப் பழகிய இருநூறு வாய்கள் ஊரிலே இருந்திருக்கும் என்பதை நினையாமல் இன்றும் நான் கோயிலுக்குட் போவதில்லை.

2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடையிலும் கட்டுவப்பிட்டியிலும் பூசை கண்டுகொண்டிருந்தவர்களும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்துக்கு வந்திருந்தவர்களும் குண்டுகளுக்குப் பலியானார்கள். அடுத்த ஞாயிறு பொதுப் பூசைகள் நிறுத்தப்பட்டிருந்தன. கர்தினால் தமது இல்லத்துச் சிற்றாலயத்தில் ஒப்புக்கொடுத்த பூசையை மக்கள் தொலைக்காட்சியிலே கண்டார்கள். 2020இல் கொள்ளைநோய் வந்தபோதும் அப்படியே. நானும் வீட்டிலிருந்து பார்த்தேன். குருவின் குரல் தெளிவாகக் கேட்டது. மறுமொழியை நான் தனியே சொன்னேன். அப்போது ஆச்சி சொன்னது காதிலே கேட்டது. வாரத்துக்கு ஒருமுறை சனம் ஒன்றுகூடுவது எதற்காக என்ற கேள்விக்கு நான் பல பிரசங்கங்களிலே விடை கேட்டிருக்கிறேன். எழுதப்படிக்கத் தெரியாத அந்தப் பெண் சொன்ன விடையைவிட நல்லதொன்றை இன்னும் கேட்கவில்லை. மற்றவர் மறுமொழி சொன்னாற்றான் எங்களுக்கு அடுத்த வரி வருகிறது.

இலக்கிய ஆர்வலர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்க் கோயிலில், அது எந்தச் சமயத்துக் கோயிலாயினும், இப்படி ஓர் ஆச்சியோ அப்புவோ இருக்கக்கூடும். அவரைத் தனியே அழைத்து ஒலிப்பதிவுக் கருவியின் முன்னால் இருத்தாதீர்கள். நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய் மறுமொழி சொல்லுங்கள். பின்னர் எழுதுங்கள்.